நீல டிராகனைக் கரையில் தேடிப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை உலுக்கிவிட்டுப் போன சில நாட்களில், பெசன்ட் நகர் கடற்கரையில் அடர்நீல நிறத்தில் சின்னச் சின்ன உயிர்கள் ஒதுங்கின. படங்கள் போனுக்குப் போன் தாவின. கணினியில் செய்த படம் என்று சிரித்தவர்கள் உண்டு. தொட்டால் உயிரே போய்விடும் என்று பயமுறுத்தியவர்களும் உண்டு. இரண்டும் சரியில்லை. அது நிஜமான உயிர், பெயர் நீல டிராகன். ஓடு இல்லாத கடல் நத்தை வகை. கொட்டும், ஆனால் கொட்டுகிற சரக்கு அதனுடையது அல்ல.

இதை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி. சென்னை, மும்பை, இலங்கைக் கரைகள், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை, தென்னாப்பிரிக்கா, டெக்சாஸ் என்று நீங்கள் எந்தக் கரையில் இருந்தாலும் முறை ஒன்றுதான். முக்கியமான விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நீல டிராகனைத் தேடிப் போனால் கிடைக்காது. அதன் சாப்பாட்டைத் தேடிப் போங்கள். சாப்பாடு கரைக்கு வந்திருந்தால், சாப்பிடுகிற ஆளும் பக்கத்தில் எங்கேயாவது இருப்பார்.

முதலில், ஆள் யார்?

அறிவியல் பெயர் கிளாக்கஸ் அட்லாண்டிகஸ். பெயரிட்டவர் ஜெர்மானிய இயற்கையாளர் யோஹான் ரெயின்ஹோல்ட் ஃபோர்ஸ்டர். கேப்டன் குக்கின் இரண்டாவது கடற்பயணத்தில் உடன் சென்றவர். அவர் பெயரிட்ட ஆண்டு 1777. பெயரில் அட்லாண்டிக் இருந்தாலும் அட்லாண்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல் மூன்றிலும் வெப்பமான, மிதவெப்பமான நீரில் இது வாழ்கிறது.

வளர்ந்த டிராகனின் நீளம் சுமார் 3 சென்டிமீட்டர். இணையத்தில் பார்க்கிற படங்களை நம்பி உள்ளங்கை அகலத்தில் ஏதோ வரும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் அதை மிதித்துக்கொண்டே தாண்டிப் போய்விடுவார்கள். அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் கட்டைவிரல் நகத்திலிருந்து முதல் கணு வரை, அவ்வளவுதான். கரையில் கிடைப்பவை பெரும்பாலும் அதைவிடவும் சிறியவை.

கடல் நத்தைகளில் பெரும்பாலானவை பவளப்பாறையிலோ கடலடியிலோ ஊர்பவை. இது அப்படியில்லை. வாழ்நாள் முழுக்கக் கடலின் மேற்பரப்பிலேயே, காற்றும் நீரும் சந்திக்கிற அந்த ஒரு படலத்திலேயே மிதக்கிறது. அதுவும் மல்லாந்து. வயிற்றில் ஒரு காற்றுக் குமிழை விழுங்கி வைத்துக்கொண்டு, பாதம் வானத்தைப் பார்க்க, முதுகு ஆழத்தைப் பார்க்கக் கிடக்கிறது. படங்களில் நாம் ரசிக்கிற அந்த நீல வரிகள் முதுகு அல்ல, அடிப்பக்கம். நிஜ முதுகு வெள்ளிச் சாம்பல் நிறம். மேலிருந்து பார்க்கிற பறவைக்கு நீலம் கடலோடு கலந்துவிடும்; கீழிருந்து பார்க்கிற மீனுக்கு வெள்ளி நிறம் வெளிச்சத்தோடு கலந்துவிடும். மத்தி, நெத்திலி போன்ற மீன்களுக்கு முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருக்கிறதே, அதே ஏற்பாடுதான். இங்கே ஆள் தலைகீழாகக் கிடப்பதால் நிறமும் தலைகீழாகிவிட்டது.

படி 1: காற்றைப் பாருங்கள்

நீல டிராகன் நீந்தி ஊர் போய்ச் சேருகிற உயிர் அல்ல. பக்கத்தில் இருக்கிற இரையை எட்டிப் பிடிக்கும் அளவுக்கு, உடம்பின் இரண்டு பக்கமும் நீண்டிருக்கும் விரல் போன்ற உறுப்புகளை அசைக்கும், மெல்ல நகரும். மற்றபடி காற்றும் மேல்நீரோட்டமும் தள்ளுகிற பக்கம்தான் பயணம். அதனால் கடலிலிருந்து கரையை நோக்கி இரண்டு மூன்று நாள் விடாமல் காற்று அடித்தால்தான் கரைக்கு வரும்.

உங்கள் கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதை வைத்து இதைக் கணக்கிட வேண்டும். சோழமண்டலக் கரை கிழக்கைப் பார்க்கிறது; அங்கே கொண்டல் காற்றும், வடகிழக்குப் பருவத்தில் வீசும் வாடையும், புயலுக்குப் பிந்தைய நாட்களும் வாய்ப்பானவை. மும்பைப் பக்கம் இதற்கு நேர் எதிர்: தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஜூஹு, கிர்காவ் கடற்கரைகளில் புளூபாட்டில்கள் (ஜெல்லிமீன் போலத் தெரியும் கொட்டும் உயிர்கள், நீல டிராகனின் சாப்பாடு) ஒதுங்குவது ஏறக்குறைய ஆண்டுதோறும் நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பக்கம் கோடைகாலத்து வடகிழக்குக் காற்று இதே வேலையைச் செய்கிறது.

வானிலைச் செயலியில் காற்றின் திசையைப் பார்த்தாலே போதும். அதைவிட நல்ல வழி, உங்கள் பக்கத்துக் குப்பத்தில் வலை காயப்போடுகிறவரிடம் "அண்ணே, வலையில சொறி ஏறுதா?" என்று கேட்பது. ஜெல்லிமீன் வகையறாக்கள் மேலே மிதந்து வரும் நாட்களை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வலை இழுக்கிற கை எரிந்தே தெரிந்துவிடும்.

புயல் அடித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் கரைக்குப் போகாதீர்கள். அடங்கிய மறுநாள் போனால் போதும், ஒன்றும் ஓடிவிடாது.

படி 2: நீலக் கூட்டத்தை அடையாளம் காணுங்கள்

கடலின் மேற்பரப்பில் மிதந்தே வாழ்கிற உயிர்கள் ஒரு தனிக் கூட்டம். ஏறக்குறைய எல்லாமே நீலம் அல்லது ஊதா. ஒரே காற்று எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளிக்கொண்டு வருவதால், ஒன்றைக் கண்டால் மற்றவை அருகில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நீல டிராகன் இந்தக் கூட்டத்துக்குள் இருக்கும் வேட்டைக்காரன். மற்றவை அதன் பந்தி.

புளூபாட்டிலைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் உங்களைக் கொட்டப்போவது பெரும்பாலும் அதுதான். காற்று நிரம்பிய, நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த பை ஒன்று மணலில் கிடக்கும். மிதித்தால் 'பட்'டென்று வெடிக்கும். அடியிலிருந்து நீல நூல் ஒன்று நீண்டு கிடக்கும். அட்லாண்டிக்கின் பெரிய வகைகளில் அந்த நூல்கள் 10 மீட்டர், சில சமயம் 30 மீட்டர் வரைகூட நீளும். ஜெல்லிமீன் போலத் தெரிந்தாலும் இது ஒற்றை உயிர் அல்ல. மிதப்பதற்கு, பிடிப்பதற்கு, செரிப்பதற்கு, இனம் பெருக்குவதற்கு என்று வேலை பிரித்துக்கொண்ட பல சிற்றுயிர்கள் ஒட்டி வாழும் குடியிருப்பு. இதன் பேரினம் ஃபைசாலியா. உலகம் முழுக்க ஒரே இனம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2025-இல் வெளிவந்த மரபணு ஆய்வு நான்கு இனங்கள் என்று பிரித்துவிட்டது.

அடுத்தது போர்பிட்டா, நீலப் பொத்தான் என்றும் சொல்வார்கள். நடுவில் வெளுத்த வட்டத் தட்டு, சுற்றிலும் நீல இழைகள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலம் இருக்கும். காய்ந்துபோனால் இழைகள் உதிர்ந்து தட்டு மட்டும் மிஞ்சும். மனிதத் தோலில் இது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, லேசான அரிப்பு வரலாம்.

வெலெல்லா இதன் நெருங்கிய உறவு. முட்டை வடிவத் தட்டின் மேல் குறுக்கே ஒரு கண்ணாடிப் பாய்மரம் நிற்கும். அந்தப் பாய் சில உயிர்களில் இடப்பக்கமும் சிலவற்றில் வலப்பக்கமும் சாய்ந்திருக்கும். ஒரே காற்றில் ஒரு சாரார் ஒரு பக்கமும் மறு சாரார் வேறு பக்கமும் போவார்கள்.

ஊதா நத்தையான ஜான்தினாவுக்கு ஓடு உண்டு, காகிதம்போல மெலிதானது. தன் கோழையைக் கொண்டு குமிழித் தெப்பம் கட்டி, அதில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே மிதக்கும். தெப்பத்தை விட்டால் மூழ்கிவிடும், பிறகு மேலே வர வழியில்லை. நீல டிராகன் இதையும் தின்னும். இதுவும் வெலெல்லாவைத் தின்னும். யார் யாரைத் தின்பது என்பது இந்தக் கூட்டத்தில் ரொம்ப நெருக்கமான குடும்ப விவகாரம்.

இந்த நான்கில் குறைந்தது இரண்டு வகையாவது உங்கள் கரையில் புதிதாக, ஈரமாக ஒதுங்கியிருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். இல்லையென்றால் டீ குடித்துவிட்டு வீடு திரும்புங்கள். வெறும் மணலில் மணிக்கணக்கில் குனிந்து தேடுவது முதுகுவலிக்குத்தான் வழி.

படி 3: எடுத்துக்கொண்டு போகவேண்டியவை

கண்ணாடிபோலத் தெளிவான டம்ளர் ஒன்று, பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்று, பாத்திரம் கழுவப் போடும் கெட்டி ரப்பர் கையுறை, விரல்களை மூடுகிற செருப்பு அல்லது ஷூ. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் பார்க்கிற சுகமே வேறு. போன் போதும், கேமரா வேண்டாம்.

வெறுங்காலோடு போகக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். புளூபாட்டிலின் அறுந்த நூல் மணலில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். உயிர் செத்தாலும் நூலில் இருக்கும் கொட்டும் உறைகள் நீண்ட நேரம் வேலை செய்யும்.

கொட்டிவிட்டால் என்ன செய்வது என்பதையும் போவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் எரிச்சலில் துடிக்கும்போது யாரும் வழிகாட்டி படிப்பதில்லை. ஒட்டியிருக்கும் நூலைக் கையுறையாலோ ஸ்பூனாலோ எடுத்துப் போடுங்கள். கடல்நீரால் அலசுங்கள். மணலால் தேய்க்க வேண்டாம். மிச்சமிருக்கும் உறைகளும் வெடிக்கும். அப்புறம் தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், 20 நிமிடம் அந்த இடத்தை அமிழ்த்தி வையுங்கள். ஆஸ்திரேலியாவில் புளூபாட்டில் கொட்டுக்கு ஐஸையும் வெந்நீரையும் ஒப்பிட்டுச் சோதித்தபோது வெந்நீர்தான் வலியை நன்றாகக் குறைத்தது. சூட்டைக் கொட்டாத கையால் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், வலியில் இருக்கும் தோலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், முகவீக்கம் எதுவாக இருந்தாலும் வெந்நீரெல்லாம் பிறகு, நேரே மருத்துவமனை. நீல டிராகன் கொட்டினாலும் இதே முறைதான். காரணம் படி 6-இல் வருகிறது.

படி 4: அலை ஒதுக்கிய வரிசையில் நடங்கள்

கடல் உயர்ந்து வந்து திரும்பிய இடத்தில் பாசி, குச்சி, தெர்மோகோல், சிப்பி எல்லாம் கலந்த ஒரு வரிசை கரை நெடுக ஓடும். தேட வேண்டிய இடம் அதுதான். பழைய வரிசைகள் மேலே காய்ந்து கிடக்கும், அவற்றை விடுங்கள். கடைசியாக ஈரமாக இருக்கும் வரிசையைப் பிடித்து நடங்கள்.

விடியற்காலை நல்லது. வெயில் ஏறினால் மூன்று சென்டிமீட்டர் உயிர் எவ்வளவு நேரம் தாங்கும்? நகரக் கடற்கரைகளில் மணலைச் சலிக்கும் துப்புரவு இயந்திரமும் காக்கைகளும் உங்களுக்கு முன்னால் வந்துவிடக்கூடும்.

இப்போது எதைத் தேடுகிறோம் என்பதில் கவனம். மணலில் கிடக்கும் நீல டிராகன், டிராகன் மாதிரி இருக்காது. நீர் இல்லாதபோது அது விரல்களை உள்ளே இழுத்துச் சுருண்டுவிடும். பார்ப்பதற்குக் கருநீல மைத்துளி ஒன்று மணலில் விழுந்து உறைந்ததுபோல, பளபளவென்று, பட்டாணி அளவில் கிடக்கும். போர்பிட்டாத் தட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டும் இருக்கலாம், சாப்பிடும்போதே இரண்டும் கரை சேர்ந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு நீலப் பொத்தானையும் ஸ்பூனால் புரட்டிப் பாருங்கள்.

கையால் எடுக்க வேண்டாம். உள்ளங்கையில் வைத்துக் காட்டுகிற வீடியோக்கள் ஏராளம். உள்ளங்கைத் தோல் தடிப்பாக இருப்பதால் அந்த ஆட்கள் தப்பித்திருக்கலாம். விரல் இடுக்கிலோ மணிக்கட்டிலோ பட்டிருந்தால் வீடியோ வேறு மாதிரி முடிந்திருக்கும். குழந்தைகள் பார்த்துப் பழகுகிற விஷயம் என்பதால் எனக்கு அந்த வீடியோக்கள்மேல் கொஞ்சம் கோபமே உண்டு.

படி 5: டம்ளரில் விட்டுப் பாருங்கள்

டம்ளரில் முக்கால் பங்கு சுத்தமான கடல்நீர் எடுங்கள். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது, உப்பு மாறினால் உயிர் போய்விடும். ஸ்பூனால் மணலோடு சேர்த்து மெல்ல அள்ளி, நீருக்குள் ஸ்பூனை முழுக்க இறக்கி, தானாகக் கழன்று வரவிடுங்கள். மேலிருந்து போட வேண்டாம்.

முதல் சில நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு உருண்டை தளரும். வால் பக்கம் நீளும். இரண்டு பக்கமும் கை மாதிரி ஒரு காம்பு வெளிவரும், அதன் முனையில் விரல்கள் விசிறியாக விரியும். அதற்குப் பின்னால் இன்னொரு ஜோடிக் கொத்து, இன்னும் சிறியது. அதற்கும் பின்னால் மூன்றாவது. முன்கொத்துதான் பெரியது, பின்னே போகப்போகச் சிறுத்துக்கொண்டே வரும். எல்லா விரல்களையும் எண்ணினால் அதிகபட்சம் 84 வரை இருக்கும் என்று பதிவு உண்டு. உங்கள் டம்ளரில் இருப்பதற்கு அவ்வளவு இருக்காது. சில அலையில் உதிர்ந்தும் போயிருக்கும்.

நல்ல நிலையில் இருந்தால் அது மேலே வந்து மல்லாந்துகொள்ளும். காற்றுக் குமிழை இழந்துவிட்டிருந்தால் அடியில் கிடக்கும். டம்ளரைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். ஒரே உடம்பில் மேல்பாதி நீலமும் கீழ்பாதி வெள்ளியும் கோடு போட்டுப் பிரித்ததுபோல இருக்கும். பிறகு மேலிருந்து குனிந்து பாருங்கள், கடைசியாகத் தலைக்குமேல் பிடித்து அடியிலிருந்து பாருங்கள். பறவையின் பார்வை, மீனின் பார்வை இரண்டும் ஒரே நிமிடத்தில் கிடைத்துவிடும். படத்தில் ஆயிரம் முறை பார்த்தவர்களுக்கும் இந்த வித்தியாசம் டம்ளரில் பார்த்தால்தான் உறைக்கும்.

அந்த விரல்களுக்குப் பெயர் செராட்டா. இதற்குத் தனியாகச் செவுள் கிடையாது; மூச்சு விடுவதில் செராட்டாவுக்கும் தோலுக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு விரலுக்குள்ளும் செரிமானச் சுரப்பியின் ஒரு கிளை ஓடுகிறது, அதாவது வயிற்றின் வேலை விரல் வரைக்கும் நீள்கிறது. கைலென்ஸில் விரல் நுனியைப் பாருங்கள். அந்தக் கூர்நுனியில்தான் ஆயுதக் கிடங்கு இருக்கிறது.

படி 6: நஞ்சு எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ளுங்கள்

புளூபாட்டிலின் நூலில் லட்சக்கணக்கில் நுண்ணிய உறைகள் உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நச்சு இழை சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். ஏதாவது பட்டால் உறை திறந்து இழை பாய்ந்து தோலைத் துளைக்கும். மீன் செத்துவிடும், மனிதனுக்குச் சாட்டையடி பட்டதுபோலத் தடிக்கும். இந்த நூலைத்தான் நீல டிராகன் மென்று தின்கிறது.

வாயில் கெட்டியான தாடைகளும், ரம்பம்போலப் பல் வரிசை கொண்ட நாக்கும் உண்டு. தன்னைவிடப் பல மடங்கு பெரிய புளூபாட்டிலில் ஒட்டிக்கொண்டு கடித்துக் கடித்துத் தின்னும். வாயின் உட்பக்கம் கெட்டியான படலம் போர்த்தியிருக்கிறது; மேலே கோழையும் சேர்ந்துகொள்கிறது. அதனால் தின்னும்போது பெரும் சேதம் வருவதில்லை. வெடிக்காமல் உள்ளே போகிற உறைகள் செரிமானக் கிளைகள் வழியாக விரல் நுனிக்குப் போய், அங்கே இருக்கும் சிறு பைகளில் சேமிக்கப்படுகின்றன. யாராவது விரலைத் தொட்டால் அந்த உறைகள் வெளியே வந்து வெடிக்கும்.

1969-இல் தாம்சன், இசபெல் பென்னெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த ரகசியத்தைச் 'சயின்ஸ்' இதழில் விளக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் புளூபாட்டில்கள் ஒதுங்கும் கரைகளில் நீல டிராகனைத் தொட்டவர்களுக்கும் ஏன் கொட்டுகிறது என்பதுதான் கேள்வி. விரல் நுனியில் இருந்தவை புளூபாட்டிலின் உறைகள்தாம் என்பது தெளிவாயிற்று. அதுவும் கண்டபடி அல்ல. பெரிய, வீரியம் மிக்க வகைதான் அதிகம் சேமிக்கப்பட்டிருந்தது.

இங்கே ஒரு நடைமுறைச் செய்தி இருக்கிறது. நீல டிராகனின் ஆபத்து, அது கடைசியாக என்ன சாப்பிட்டது என்பதைப் பொறுத்தது. புளூபாட்டில் தின்றது கடுமையாகக் கொட்டும். போர்பிட்டாவும் வெலெல்லாவும் மட்டுமே தின்று வந்தது அவ்வளவாகக் கொட்டாது. ஆனால் வெளியிலிருந்து பார்த்து யார் எதைத் தின்றார்கள் என்று சொல்ல முடியாது, ஆகவே எல்லாவற்றையும் புளூபாட்டில் தின்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள். "புளூபாட்டிலைவிடப் பல மடங்கு விஷம்" என்று பரவுகிற வரியை ரொம்ப நம்ப வேண்டாம். நெருக்கிச் சேமிப்பதால் தொட்ட இடத்தில் வலி கடுமையாக இருக்கலாம், ஆனால் புளூபாட்டில் போலப் பல மீட்டர் நூல் உடம்பைச் சுற்றிக்கொள்கிற ஆபத்து இதில் இல்லை.

2025 ஆகஸ்டில் ஸ்பெயினின் அலிகாண்டே பகுதியில் உள்ள குவர்தமார் தெல் செகுரா ஊரில் இரண்டே இரண்டு நீல டிராகன்கள் கிடைத்ததும் கடலில் குளிக்கத் தடை போட்டார்கள். மத்தியதரைக் கடலில் இது அபூர்வம் என்பதால் அந்தப் பதற்றம். என்னைக் கேட்டால் இரண்டுக்காகக் கரையையே மூடியது அதிகம்தான். ஆனால் உச்சகட்டச் சுற்றுலா சீசனில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு மேயர் வேறென்ன செய்வார் என்பதும் சரிதான்.

படி 7: எந்த இனம் என்று பாருங்கள்

கிளாக்கஸ் என்ற பேரினத்தில் அட்லாண்டிகஸ் தவிர வேறு ஆட்களும் உண்டு. முக்கியமானது கிளாக்கஸ் மார்ஜினேட்டஸ், இந்தியப் பெருங்கடலில் இதுவும் இருக்கிறது. பொதுவாக இன்னும் சிறியது, குட்டையானது. பிரித்தறிய ஒரே ஒரு விஷயம் பார்த்தால் போதும்: விரல்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. அட்லாண்டிகஸில் ஒவ்வொரு கொத்திலும் விரல்கள் ஒற்றை வரிசையில் விசிறிபோல நிற்கும், இடைவெளி தெளிவாகத் தெரியும். மார்ஜினேட்டஸில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல வரிசை இருக்கும், புதர்போலத் தெரியும். டம்ளரில் நன்றாக விரிந்த பிறகுதான் இது தெரியும். சுருண்ட உருண்டையை வைத்துப் பெயர் சொல்ல முயலாதீர்கள்.

2014-இல் மரபணுவும் உடலமைப்பும் சேர்த்துப் பார்த்த ஆய்வில், மார்ஜினேட்டஸ் என்று ஒன்றாக எண்ணியிருந்த கூட்டத்திலிருந்து மூன்று புதிய இனங்களைப் பிரித்தார்கள். அவற்றில் இரண்டுக்குப் பென்னெட், தாம்சன் ஆகியோரின் பெயர்களையே வைத்தார்கள். அந்த மூன்றும் பசிபிக் ஆட்கள், நம் பக்கம் குழப்பம் குறைவு. அதே ஆண்டு அட்லாண்டிகஸின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். இனம் ஒன்றேயானாலும் அட்லாண்டிக் கூட்டமும் இந்தோ-பசிபிக் கூட்டமும் தனித்தனியாகப் பிரிந்திருப்பது தெரிந்தது. நடுவில் ஒரு பக்கம் ஆப்பிரிக்க-யூரேசிய நிலப்பரப்பும் மறுபக்கம் அமெரிக்க நிலப்பரப்பும் சுவர்போல நிற்கின்றன.

இன்னொரு ஏமாற்றுக்காரர் ஃபியோனா பின்னாட்டா. மிதக்கும் மரக்கட்டையில் வாழும் வேறொரு கடல் நத்தை. வழக்கமாகப் பழுப்பு, வெலெல்லா தின்றால் நீலமாகிவிடும். இதற்குக் கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் காம்புகள் கிடையாது, முதுகு முழுக்க விரல்கள் அடர்ந்திருக்கும்.

படி 8: முட்டை இருக்கிறதா என்று தேடுங்கள்

இதைப் பலர் தவறவிடுகிறார்கள். கரை ஒதுங்கிய வெலெல்லா, போர்பிட்டாவின் சதையில்லாத தட்டுகளை லென்ஸில் பாருங்கள். கண்ணாடிபோன்ற இழைக்குள் முட்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தால், அது நீல டிராகன் இட்டதாக இருக்கலாம். தின்று முடித்த இரையின் எலும்புக்கூடே தொட்டில். நடுக்கடலில் முட்டையை ஒட்டிவைக்க வேறு கெட்டியான இடம் எங்கே கிடைக்கும்? மிதக்கும் கட்டையிலும் இடும், ஒன்றுமே கிடைக்காவிட்டால் நீரில் மிதக்கவிடும்.

ஒவ்வொரு நீல டிராகனும் ஆணும் பெண்ணுமாக ஒரே உடம்பில் இருப்பது. இரண்டு சேர்ந்தால் இரண்டுமே முட்டையிடும். அட்லாண்டிகஸின் ஆண் உறுப்பு உடம்பின் அளவுக்கு மிக நீளமானது. கூடும்போது ஒன்றின் விரல் நுனி மற்றொன்றைக் கொட்டாதபடி தள்ளி நிற்க இது உதவுகிறது என்பது ஓர் ஊகம். பொரிக்கும் குஞ்சுக்குச் சின்ன ஓடு இருக்கும். உருமாறும்போது அதைக் கழற்றிவிடும். நத்தைக் குலத்தில் வந்ததற்கு அதுவும் ஓர் அத்தாட்சி.

ஒரே டம்ளரில் இரண்டு டிராகன்களை வைத்தால் சேரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இடம் நெருக்கமாகி வேறு இரையும் இல்லையென்றால் ஒன்றை ஒன்று தின்றுவிடும் பழக்கம் இவற்றுக்கு உண்டு. தனித்தனி டம்ளர் வையுங்கள்.

படி 9: படம் எடுங்கள், பதிவு செய்யுங்கள், விட்டுவிடுங்கள்

டம்ளரை வெள்ளைத் தாள்மேல் வைத்து மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, அருகில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து அளவுக்கு ஒன்று. விரல்களின் அடுக்கு தெரிகிற படம்தான் இனம் சொல்ல உதவும், அழகாக வந்த படம் அல்ல. கூடவே ஒதுங்கியிருக்கும் புளூபாட்டில், போர்பிட்டாவையும் ஒன்றிரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

உயிரினங்களைப் பார்த்தவர்கள் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் தேதி, இடம், நேரம், காற்றின் திசை, தோராயமான எண்ணிக்கை ஆகியவற்றோடு ஏற்றுங்கள். நடுக்கடல் மேற்பரப்பில் வாழும் உயிர்களை ஆய்வுக்கப்பல் தேடிப் போய்ப் பார்ப்பது செலவு பிடித்த வேலை. கரையில் நடப்பவர்கள் தரும் பதிவுகளுக்கு அதனால்தான் மதிப்பு அதிகம். 2019-இல் வட பசிபிக்கின் குப்பைத் திட்டு வழியே ஒருவர் நீந்திய பயணத்தின்போது அவருடன் சென்ற குழு நீர் மாதிரிகள் எடுத்தது. பிளாஸ்டிக் சேருகிற அதே இடத்தில் வெலெல்லா, போர்பிட்டா, ஜான்தினா மூன்றும் அடர்த்தியாக இருப்பது 2023-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. குப்பையை வலைபோட்டு அள்ளும் திட்டங்கள் இவற்றையும் சேர்த்து அள்ளிவிடுமே என்ற விவாதம் அதிலிருந்து சூடுபிடித்தது.

வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்ற கேள்வி எப்படியும் வரும். வேண்டாம். மீன்தொட்டி உணவு எதையும் இது தின்னாது; உயிருள்ள புளூபாட்டிலும் போர்பிட்டாவும் நாள்தோறும் யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்? தொட்டியின் சுவரில் மோதி, பட்டினியில் சில நாளில் செத்துவிடும். இதை விற்பதாக யாராவது விளம்பரம் போட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பார்த்து முடித்ததும் திரும்பக் கடலில்தான் விட வேண்டும். கரையில் நின்று அலைக்குள் ஊற்றினால் அதே காற்று அரைமணி நேரத்தில் திரும்பவும் மணலில் போட்டுவிடும். படகு கிளம்புகிறவர் யாராவது இருந்தால், மூடி போட்ட பாட்டிலில் கடல்நீரோடு கொடுத்து, அலை உடைகிற இடத்தைத் தாண்டி ஊற்றச் சொல்லுங்கள். கையை உள்ளே விட வேண்டாம் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். படகு இல்லையென்றால் பாறைத் தடுப்பின் முனை வரை போக முடிகிற நாளில் அங்கிருந்து விடலாம். கடல் கொந்தளிப்பாக இருந்தால் அதுவும் வேண்டாம், கரையிலேயே நீர் வடியும் வாக்கில் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஸ்பூன், டம்ளர், கையுறை மூன்றையும் வீட்டில் நன்றாகக் கழுவிய பிறகுதான் கண்ணையோ முகத்தையோ தொட வேண்டும். அந்த டம்ளரைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோகாமல் அடுத்த கொண்டல் காற்றுக்கென்று தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.